அட்ரினலின் தூண்டலும் நலிந்த இதயமும்

அட்ரினலின் தூண்டல் என்பது, அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களோ அவற்றைப் போலச் செயல்படும் மருந்துகளோ இதயத்தை வேகமாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்வதாகும். நலமான இதயம் இத்தூண்டலுக்கு உடனே இணங்கும். தேவை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். பெரிதாகிப்போன இதயமும், நஞ்சு அல்லது கடும் அதிர்ச்சியால் நெருக்கடிக்கு உள்ளான இதயமும் அப்படி இணங்குவதில்லை. அவற்றில் இதே தூண்டல் பயனற்றுப் போகலாம், தீங்காகவும் முடியலாம். இதய மருத்துவம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள கல்வராயன் மலை போன்ற இடங்களில் இது ஏட்டளவில் நிற்கும் செய்தி ஆகாது. நீண்டகால இரத்த அழுத்தத்தோடு மலைச் சரிவில் ஏறும் முதியவர், மரவள்ளிக் கொல்லையில் கல்லைப் புரட்டும்போது தேள் கொட்டிய உழவர், தேனெடுக்கப் போய்த் தேனீக்களிடம் கொட்டு வாங்கியவர் ஆகிய மூவரின் உடலிலும் அட்ரினலின் வேலை செய்கிறது. ஆனால் மூவருக்கும் வேண்டிய உதவி ஒன்றுக்கொன்று வேறானது. ஒருவருக்கு அட்ரினலினைக் கொடுக்க வேண்டும்; மற்றவருக்கு அதன் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

நலமான இதயத்தில் அட்ரினலின்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. அவற்றின் உட்பகுதி அட்ரினலினைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது. இதயத்துக்கு நேராக வரும் பரிவு நரம்புகளின் முனைகள் நார்அட்ரினலினை வெளியிடுகின்றன. அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதை 1890-களில் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் காட்டினர். 1901-இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். ஒரே பொருள் ஓரிடத்தில் இரத்தக் குழாயைச் சுருக்குவதும் மற்றோரிடத்தில் வேறு விதமாக வேலை செய்வதும் எப்படி என்ற கேள்விக்கு 1948-இல் அமெரிக்க அறிவியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் விடை தந்தார். செல்களின் மேல் ஆல்பா, பீட்டா என இருவகை ஏற்பிகள் இருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

இதயத்தில் பெரும்பான்மையாக இருப்பவை பீட்டா ஏற்பிகள். அட்ரினலின் அவற்றில் பொருந்தியதும் செல்லுக்குள் ஒரு தூதுப்பொருள் உருவாகிறது. அதன் விளைவாகக் கால்சியம் மிகுதியாக உள்ளே வந்து, தசை வலுவாகச் சுருங்குகிறது. சுருங்கிய தசை விரைவாகத் தளரவும் அதே தூதுப்பொருள் உதவுகிறது. தளர்ந்தால்தான் அடுத்த துடிப்புக்கு இரத்தம் நிரம்பும்.

ஆல்பா ஏற்பிகள் தோலிலும் குடலிலும் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பயந்தவர்க்குக் கை கால் சில்லிடுவதும், வயிற்றில் புளியைக் கரைத்தது போல் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அவ்விடங்களில் குறைத்த இரத்தத்தை உடல் தசைகளுக்கு அனுப்புகிறது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றும் இதயம், கடும் உழைப்பின்போது 20 லிட்டர் வரை வெளியேற்றும். வெள்ளிமலையை நோக்கி நடந்து ஏறும் இளைஞனின் நெஞ்சு படபடத்து, மேலே சென்று சிறிது உட்கார்ந்ததும் அடங்கிவிடுகிறது. அட்ரினலினின் இயல்பான வேலை இவ்வளவே. சிறிது நேரம் மட்டும் இயங்க வேண்டிய ஏற்பாடு அது.

இதயம் பெரிதாவது எவ்வாறு?

கைத்தசை பருத்தால் வலிமை கூடும் என்பது போல, பெரிய இதயம் வலிமையான இதயம் என்று சிலர் எண்ணுவதுண்டு. விளையாட்டு வீரரின் இதயமும் கருவுற்ற தாயின் இதயமும் ஓரளவு பெரிதாவது இயல்பானது. பிறகு பழைய அளவுக்குத் திரும்பக்கூடியது. நோயால் பெரிதாகும் இதயம் வேறு.

அது இருவகைப்படும். முதல் வகையில் இதயச் சுவர் தடிக்கிறது. பல ஆண்டுகள் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தம், பெருந்தமனி வால்வு சுருங்குதல் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். எதிர்ப்பு மிகுந்த பாதையில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் தசை தடித்துப்போகிறது. இரண்டாம் வகையில் அறைகள் விரிகின்றன. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறந்துபோதல், சில வைரஸ் தொற்றுகள், நீண்டகால மதுப்பழக்கம், வால்வுக் கசிவு ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. சிறு வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் வாதக்காய்ச்சல் வால்வுகளைக் கெடுத்து இளம் வயதிலேயே இதயத்தைப் பெரிதாக்குவதும் உண்டு.

விரிந்த அறை ஏன் எளிதில் களைக்கிறது என்பதை இயற்பியலின் லாப்லாஸ் விதி விளக்குகிறது. உள்ளே உள்ள அழுத்தமும் சுவரின் தடிப்பும் மாறாமல் அறையின் ஆரம் இரு மடங்கானால், சுவர் தாங்கவேண்டிய இழுவிசையும் இரு மடங்காகும். எனவே விரிந்த இதயம் அதே அளவு இரத்தத்தைத் தள்ளுவதற்கு முன்னைவிட அதிகம் உழைக்க வேண்டும். அதிக ஆக்சிசனும் வேண்டும்.

தடித்த இதயம்: ஓய்வு நேரம் பறிபோகிறது

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி ஆகிறது. அதில் கீழறைகள் சுருங்குவது ஏறத்தாழ 0.3 நொடி, தளர்ந்திருப்பது 0.5 நொடி. இடது கீழறையின் சுவருக்குத் தேவையான இரத்தம் பெரும்பாலும் இந்தத் தளர்வு நேரத்தில்தான் வந்து சேர்கிறது. சுருங்கும்போது தசையே தன்னுள் ஓடும் குழாய்களை நெரித்துவிடுகிறது.

அட்ரினலின் துடிப்பை 150-க்கு உயர்த்தினால் ஒரு துடிப்புக்கு 0.4 நொடிதான் கிடைக்கும். இதில் மிகுதியாகக் குறைவது தளர்வு நேரம். நலமான இதயம் இதைச் சமாளித்துக்கொள்ளும். தடித்த இதயத்தில் தசை வளர்ந்த அளவுக்கு நுண்குழாய்கள் வளர்வதில்லை. ஆகவே சுவரின் உள்ளடுக்குக்கு இரத்தம் போதாமல் போகிறது. அத்துடன் சுவர் விறைத்திருப்பதால் அறை மெல்லத்தான் நிரம்பும். நிரம்ப நேரம் இல்லாவிட்டால் இரத்தம் பின்னோக்கித் தேங்கி நுரையீரலில் அழுத்தம் ஏறும். ஓய்வில் ஒரு தொல்லையும் இல்லாத ஒருவர், சிறு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

பரம்பரையாக வரும் ஒருவகைத் தசைத்தடிப்பு நோயில், இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் தடித்து, இரத்தம் வெளியேறும் வாயிலை நெருக்குகிறது. இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறதோ அவ்வளவு அந்த வாயில் அடைபடும். தூண்டல் கூடக்கூட வெளியேறும் இரத்தம் குறைகிறது. ஓடும்போதோ கபடி ஆடும்போதோ இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்தால், இந்நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வாதக்காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கும் வேகம் பகையே. சிறிய மதகின் வழியே வயல் நிரம்ப நேரம் வேண்டுவதுபோல், குறுகிய வால்வின் வழியே கீழறை நிரம்பவும் நேரம் வேண்டும். மகப்பேற்று வலியில் துடிப்பு எகிறும்போது இத்தகைய பெண்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கருவுற்ற காலத்திலேயே இதயத்தைக் கேட்டுப் பார்ப்பது இதனால் முக்கியமாகிறது.

விரிந்த இதயம்: கேளாத ஏற்பிகள்

விரிந்து நலிந்த இதயம் போதிய இரத்தத்தை அனுப்பாதபோது, உடல் அதை ஆபத்து நிலையாகவே எடுத்துக்கொள்கிறது. காயம்பட்டு இரத்தம் வெளியேறினாலும், இதயத் தசை நலிந்தாலும் மூளைக்குச் செல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பரிவு நரம்புகள் இரவும் பகலும் நார்அட்ரினலினை வெளியிடுகின்றன. சில நிமிடங்களுக்கென்று அமைந்த ஏற்பாடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

இதன் விளைவை 1982-இல் அமெரிக்காவில் மைக்கேல் பிரிஸ்டோவும் அவருடைய குழுவினரும் நேரடியாகக் கண்டனர். இதயமாற்று அறுவையின்போது அகற்றப்பட்ட நலிந்த இதயங்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அட்ரினலினைப் போன்ற ஐசோபுரோட்டிரினால் என்னும் மருந்தைக் கொடுத்தபோது அந்தத் தசைகள் மிகக் குறைவாகவே பதில் தந்தன. நாள் முழுதும் அதட்டிக்கொண்டே இருக்கும் ஆசிரியரின் குரலுக்கு வகுப்பு செவிசாய்க்காமல் போவதை ஒத்தது இது. நலிந்த இதயம் உள்ளவர் படியேறும்போது துடிப்பும் வலுவும் வேண்டிய அளவு கூடாமல் களைத்துப்போவதற்கு இந்த மந்தநிலையும் ஒரு காரணம்.

ஏற்பிகள் குறைவதில் ஒரு தற்காப்பும் இருக்கிறது. இடைவிடாத தூண்டல் இதயச் செல்லுக்குள் கால்சியத்தின் ஒழுங்கைக் குலைக்கிறது. துடிப்பு ஒழுங்கு தவற வழி செய்கிறது. செல்கள் இறந்து அவ்விடம் நாராக மாறுகிறது. சிறுநீரகத்தைத் தூண்டி உப்பையும் நீரையும் உடலில் தேக்குவதால் காலில் வீக்கம் காண்கிறது. தேங்கிய நீர் இதயத்தை மேலும் விரிக்கிறது. 1984-இல் ஜே கோன் என்னும் அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் இரத்தத்தில் நார்அட்ரினலின் அளவு கூடியிருந்தோர் விரைவில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது.

அளவு மிஞ்சினால் இப்பொருள்கள் இதயத் தசையை நேரடியாகவே அழிக்கும் என்பதும் அறிந்ததே. எலிகளுக்கு ஐசோபுரோட்டிரினாலை மிகுதியாகச் செலுத்தினால் மாரடைப்பைப் போன்ற சிதைவு ஏற்படுவதை 1959-இல் கனடாவில் கண்டறிந்தனர். இன்றும் புதிய மருந்துகளையும் மூலிகைச் சாறுகளையும் சோதிக்க அம்முறை பயன்படுகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன.

தூண்டும் மருந்தும் தணிக்கும் மருந்தும்

நலிந்த இதயத்தை மருந்தால் மேலும் தூண்டினால் தேறிவிடும் என்பதே முதலில் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். மருத்துவ உலகமும் அதைச் செய்து பார்த்தது. பீட்டா ஏற்பியை ஓரளவு தூண்டும் சாமோட்டரால் என்ற மருந்து, கடும் இதயச் செயலிழப்பு உள்ள 516 பேரிடம் சோதிக்கப்பட்டு முடிவுகள் 1990-இல் வெளியாயின. சுமார் 100 நாளில் அம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவும் இறந்தனர். செல்லுக்குள் அதே தூதுப்பொருளை வேறு வழியில் கூட்டும் மில்ரினோன் மாத்திரையும் 1991-இல் வெளியான ஆய்வில் இறப்பை 28 விழுக்காடு கூட்டியது. மருந்து உட்கொண்டவர்க்குத் தொடக்கத்தில் தெம்பு வந்தாலும், அது ஆயுளைக் கடன்வாங்கிச் செலவழித்த தெம்பாக முடிந்தது.

இதற்கு நேர்மாறான பாதை சுவீடனில் தொடங்கியது. பீட்டா ஏற்பிகளை மூடிவைக்கும் மருந்துகளை 1960-களில் பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியிருந்தார். அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. நலிந்த இதயத்துக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது என்பது அன்றைய பாடம். அதை மீறி, கோத்தன்பர்க் நகரின் மருத்துவர்கள் விரிந்த இதயம் கொண்ட ஏழு பேருக்குப் பீட்டா தடுப்பு மருந்தைக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975-இல் வெளியிட்டனர். பலர் நம்பவில்லை. 1999-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் ஐயத்தைப் போக்கின. ஒன்றில் மெட்டோபுரோலாலும் மற்றொன்றில் பைசோபுரோலாலும் இறப்பை 34 விழுக்காடு குறைத்தன.

ஏற்பிகளை மூடியதும் இதயம் ஏன் தேறுகிறது? இடைவிடாத தூண்டலிலிருந்து தசைக்கு ஓய்வு கிடைக்கிறது; துடிப்பு குறைவதால் தளர்வு நேரம் நீள்கிறது; அறையின் அளவு மாதங்கள் செல்லச்செல்லச் சுருங்குகிறது. ஆனால் இம்மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். நலிந்த இதயம் அதுவரை தூண்டலை நம்பியே காலம் தள்ளியிருப்பதால், முதல் சில வாரங்கள் களைப்பு கூடுவதுபோல் தோன்றலாம்.

தூண்டும் மருந்துகளுக்கு இன்றும் இடம் உண்டு. இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் ஊசலாடும் நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் டோபுடமின் போன்றவற்றைச் சில மணி நேரமோ சில நாளோ செலுத்துவர்.

டோபுடமின் சோதனைக்கும் பயன்படுகிறது. நடக்கவோ ஓடவோ இயலாதவருக்கு அதைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தி, மீயொலிக் கருவியால் இதயச் சுவரின் அசைவைப் பார்ப்பர். குறைந்த அளவில் அசைவு மேம்பட்டால், அத்தசை உயிரோடு இருந்தும் இரத்தம் போதாமல் ஒடுங்கியிருக்கிறது என்று கொள்வர். அளவு கூடும்போது அசைவு குன்றினால் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். எவ்வளவு தூண்டினாலும் மாற்றம் இல்லையென்றால் இதயத்தில் கையிருப்பு வலு குறைவு என்பது பொருள்.

நலமான இதயத்தில் பாயும் வெள்ளம்

நலமான இதயமும் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்தால் தாங்காது. நெருங்கியவரின் மரணச் செய்தி போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் நுனிப்பகுதி திடீரென அசைவிழந்து புடைக்கும் நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். அந்நிலையில் இதயம் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவில் தெரிந்ததால் அதற்கு டாகொட்சுபோ என்று பெயர் வைத்தனர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது.

தமிழகக் கிராமங்களில் இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு செந்தேள். ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்பது இதன் இன்றைய அறிவியல் பெயர். டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1798-இல் இதை விவரித்தபோது சூட்டிய டாமுலஸ் என்ற சொல், அக்கால ஐரோப்பியர் தமிழைக் குறித்த பெயரை ஒட்டியது. நட்டுவாக்காலி எனப்படும் பெரிய கருந்தேள் பார்க்க அச்சம் தரும், அதன் கொட்டு வலிக்கும், உயிராபத்து அரிது. செந்தேளோ சிறியது, மெலிந்த கொடுக்குகளும் தடித்த வாலும் உடையது, ஆபத்து மிகுந்தது. கற்களின் அடியிலும், விறகுக் குவியலிலும், மண்சுவர் வெடிப்புகளிலும், கூரை இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும்.

செந்தேளின் நஞ்சு நரம்பு முனைகளில் உள்ள சோடிய வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. அதனால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, உடலில் உள்ள அட்ரினலினும் நார்அட்ரினலினும் கொட்டித் தீர்க்கப்படுகின்றன. முதலில் வாந்தி, உடல் நனையும் வியர்வை, எச்சில் ஊறுதல், கைகால் சில்லிடுதல் ஆகியவை தோன்றும். ஆண்பிள்ளைகளுக்குக் குறி விறைத்து நிற்பதும் உண்டு. அடுத்து இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சுருங்கிய குழாய்களுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத் தசை சில மணி நேரத்தில் நலிகிறது. நுரையீரலில் நீர் கோத்து இருமலும் மூச்சுத்திணறலும் வருகின்றன. விரிந்த இதயத்தில் ஆண்டுக்கணக்கில் நடப்பதன் சாயல் இங்கு ஒரே இரவில் நடந்து முடிகிறது. அதிலும் சிறு பிள்ளைகளே பெரும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். உடல் எடை குறைவாக இருப்பதால் அதே அளவு நஞ்சு அவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது.

மகாடில் கிடைத்த விடை

இந்தச் சிக்கலுக்கு விடை மகாராட்டிரத்தின் கொங்கணக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்தது. ராய்கட் மாவட்டத்தில் மகாட் அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976-இல் பணியில் சேர்ந்த இம்மத்ராவ் பவாஸ்கர், தேள் கொட்டி வந்தவர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைப் பார்த்தார். கொட்டுப்பட்டவர்களின் அருகிலேயே இருந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் மணிக்கு மணி குறித்துவைத்தார். இதயப் பாதிப்பின் முன்னறிகுறிகள் பற்றிய அவருடைய கட்டுரை 1982-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று.

சிக்கலின் வேர் ஆல்பா ஏற்பிகள் வழியாகச் சுருங்கும் இரத்தக் குழாய்களில் இருந்தது. அவ்வேற்பிகளை மூடும் பிரசோசின் என்ற மாத்திரை அப்போதே இரத்த அழுத்தத்துக்காகக் கடைகளில் கிடைத்துவந்தது. விலை குறைவு, வாய்வழி கொடுக்கலாம், பெரிய கருவிகள் வேண்டாம். 1980-களின் நடுவில் அவர் அதைத் தேள் கொட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அதற்கு முன் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவந்தனர். பின்னர் அது நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட அவருடைய ஆய்வு 70 பேரிடம் நடந்தது. பிரசோசினோடு தேள் நஞ்சுமுறி மருந்தும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் முழுதும் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேர் அந்நேரத்துக்குள் தேறினர். இந்திய அரசு 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்களும் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிரசோசின் சிகிச்சை அளித்து அனுபவங்களை வெளியிட்டுள்ளனர்.

நலிந்த இதயத்துக்குப் பீட்டா தடுப்பு உதவுகிறதே, தேள் கொட்டுக்கும் அதையே கொடுத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். பீட்டா ஏற்பிகளை மட்டும் மூடினால் ஆல்பா ஏற்பிகளின் வேலை தடையின்றித் தொடரும். குழாய்கள் சுருங்கியே இருக்கும். அதை எதிர்த்துத் தள்ளவேண்டிய இதயத்தின் வலுவும் குறைந்துவிடும். ஆகவே இங்கே மூடவேண்டிய கதவு ஆல்பா. காலம் தாழ்ந்து, இதயம் சோர்ந்து இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், அப்போது டோபுடமினால் தாங்கிப்பிடிக்கவும் நேரும். ஒரே நோயாளிக்கு மாலையில் தணிப்பும் நள்ளிரவில் தூண்டலும் தேவைப்படலாம் என்பதால், இச்சிகிச்சையை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய முடியும்.

தேனீயும் தேளும்

தேனும் கடுக்காயும் சேகரிப்பது கல்வராயன் மலைவாழ் மக்களின் பழைய தொழில்களுள் ஒன்று. தேனீ கொட்டியதும் சிலருக்கு உடல் முழுதும் தடிப்பு எழும்பி, தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடுகிறது. இது கடும் ஒவ்வாமை. தேள் நஞ்சு குழாய்களைச் சுருக்குகிறது. ஒவ்வாமையோ குழாய்களைத் தளர்த்திக் கசியவிடுகிறது. எனவே இதற்கு முதல் மருந்து அட்ரினலின்தான். அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போடுவர். இதய நோயாளிக்கு இந்நிலை வந்தாலும் அட்ரினலின் ஊசியைத் தவிர்க்கக் கூடாது. தவிர்ப்பதால் வரும் ஆபத்தே பெரிது.

இரண்டும் கொட்டுதான் என்றாலும் சிகிச்சை எதிரெதிரானது. எது கொட்டியது, எத்தனை மணிக்கு, வாந்தி, வியர்வை, தடிப்பு ஆகியவற்றில் எது முதலில் வந்தது என்ற விவரங்களை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்வது பாதி உதவிக்குச் சமம்.

கவனிக்க வேண்டியவை

தேள் கொட்டிய இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிப்பதற்காகக் காத்திருப்பதும் நேரத்தை வீணாக்கும். கொட்டுவாயில் வலி மட்டும் இருந்தால் அச்சம் குறைவு. வலி குறைந்தும் வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடல் இருந்தால்தான் கூடுதல் கவனம் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிரசோசின் அங்கேயே தொடங்கத்தக்க எளிய மருந்து. அதைப் பெற்றவரைப் படுக்கவைத்தே வைத்திருக்க வேண்டும், திடீரென எழுந்தால் மயக்கம் வரும். மலைச்சாலையின் வளைவுகளில் இறங்கிவரும் நேரத்தைக் கணக்கிட்டு 108 ஊர்தியை முன்னதாகவே அழைப்பது நல்லது. கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபின், மேல்சிகிச்சைக்கான தொலைவு இம்மாவட்ட மக்களுக்குக் குறைந்துள்ளது.

இதயம் பெரிதாகிவிட்டது என்று அறிந்தவர்கள் பீட்டா தடுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்தின் மறைவில் ஏற்பிகளின் எண்ணிக்கை மீண்டும் கூடியிருக்கும். மருந்து திடீரென நின்றால் அத்தனையும் ஒருசேரத் தூண்டப்படும். நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையும் காரணம்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் சில மருந்துகளும் அட்ரினலினைப் போல வேலை செய்கின்றன. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎபிட்ரின், ஃபினைலெஃப்ரின், இருமல் மருந்துகளில் உள்ள டெர்பியூட்டலின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் ஆகியவை அத்தகையன. ஆஸ்துமா உள்ளவர் இழுப்பு மருந்தை அஞ்சி விட்டுவிட வேண்டியதில்லை. தம் இதய நிலையை மருத்துவரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொண்டால் போதும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் உடலிலிருந்தே அட்ரினலினை வெளியேற்றுகிறது. மெல்லும் புகையிலைக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, இதயம் தடிக்காமல் காப்பது எளிது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் ஓசையின்றி வருவதால் அதை அளந்துதான் அறிய முடியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டால், இடது கீழறை தடித்துப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். தடித்த சுவர்கூட அழுத்தம் கட்டுப்பட்ட பின் ஓரளவு மெலிவது உண்டு.